பிடிவாதமா, வைராக்கியமா: ஆச்சிக்கு எந்தச் சொல் பொருந்தும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் உங்கள் ஆச்சி. தாத்தா இறந்த பிறகுதான் 40 சென்ட் விளை, அதாவது தோட்ட நிலம், வேறு யாரோ ஒருவர் பெயரில் பதிவாகிக் கிடப்பது தெரிந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்ற 11 வருஷம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து கடைசியில் பட்டாவைக் கையில் வாங்கினார். இப்போது முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள். "பிடிவாதக்காரி" என்று எழுதினீர்கள், சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விடாமுயற்சி உடையவர்" என்று மாற்றினால் பேச்சுப்போட்டிக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. வைராக்கியம் என்று போடலாமா, உறுதி என்று போடலாமா, இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்கள்.

நான் தக்கலைப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேலாக அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன், அதில் பாதி நினைவு மலர்களும் பணி ஓய்வுப் பாராட்டு மடல்களும்தான். அதனால் இந்தச் சொற்களோடு தினமும் புழங்குகிறேன், எது எங்கே பிசகுகிறது என்று ஓரளவு தெரியும். சித்தப்பா கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, நீங்கள் அந்தச் சொல்லை நோக்கிப் போனதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் விடாமுயற்சி. அது ஏன் சப்பென்று இருக்கிறது என்றால், அதற்குள் இருக்கும் முயற்சி என்ற சொல் நம் காலத்தில் இளைத்துப் போய்விட்டது. இன்று ஒருவரிடம் உதவி கேட்டு, அவர் "முயற்சி பண்றேன்" என்று சொன்னால் நாம் என்ன நினைக்கிறோம்? நடக்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார், வேறு ஆளைப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு தடவை கையை வைத்துப் பார்ப்பது என்ற அளவுக்கு அந்தச் சொல் சுருங்கிவிட்டது. வள்ளுவர் காலத்தில் அப்படி இல்லை. "தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்று அவர் சொல்லும்போது அந்த முயற்சி உடம்பு நோக நாள் முழுக்கச் செய்கிற உழைப்பு. அதற்குக் கூலி என்ற சொல்லையே போடுகிறார் பாருங்கள், வயலில் நின்று வேலை செய்தவனுக்கு அளந்து கொடுக்கும் அதே கூலி. அந்தப் பழைய முயற்சிக்கு விடா என்ற முன்னொட்டு தேவைப்படவே இல்லை. இன்றைய முயற்சி லேசாகிப் போனதால்தான் அதன் தலையில் ஒரு விடாவைக் கட்டி நிறுத்த வேண்டியிருக்கிறது.

அந்த அதிகாரத்தின் பெயர் ஆள்வினையுடைமை, 62 ஆவது அதிகாரம். ஆள்வினை என்பதற்கு இடைவிடாத மெய்ம்முயற்சி என்று பரிமேலழகர் பொருள் சொல்கிறார். எவ்வளவு நல்ல சொல், ஆனால் யாரும் புழங்குவதில்லை. மலரில் "ஆள்வினையுடையவர்" என்று போட்டால் வாசிக்கிறவர்கள் ஆளுமை என்று அச்சுப்பிழை திருத்திக்கொள்வார்கள், எனக்கே அது நடந்திருக்கிறது. 60 முதல் 63 வரை நான்கு அதிகாரங்கள், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை, பிறகு கொஞ்சம் தள்ளி 67 ஆவதாக வினைத்திட்பம். ஒரே குணத்தை ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கிறார் மனிதர். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த அந்த 133 அடி சிலை இருக்கிறதே, அதில் பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே நிற்கும் 95 அடி உருவம் பொருளுக்கும் இன்பத்துக்கும். நாம் பேசுகிற ஐந்து அதிகாரமும் பொருட்பாலில்தான் வருகின்றன. அதிலும் முதல் நான்கு அரசியல் என்ற பகுதியில், அரசனுக்குச் சொல்வதாக. வினைத்திட்பம் அமைச்சனுக்குச் சொல்லும் பகுதியில். அரசனுக்குச் சொன்னது 40 சென்ட் விளைக்காகப் படியேறிய ஆச்சிக்கும் பொருந்துகிறது என்றால் அதை நீங்கள் மலரில் தாராளமாக ஒரு வரி எழுதலாம்.

ஊக்கமும் இதே மாதிரி தேய்ந்த சொல். உள்ளிருந்து கிளம்பும் விசைதான் ஊக்கம். இப்போது ஊக்கத்தொகை, ஊக்கமருந்து, ஊக்கப்படுத்துதல் என்று வெளியிலிருந்து இன்னொருவர் கொடுக்கிற பொருளாகிவிட்டது. ஆச்சிக்கு யாரும் ஊக்கம் கொடுக்கவில்லை என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது, வீட்டில்கூட "விட்டுத் தொலையுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அது வேண்டாம்.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இந்தக் குணத்தைச் சொல்ல வரும்போது தமிழ் பெரும்பாலும் "இல்லை" என்ற பக்கத்திலிருந்துதான் சொல்கிறது. விடாமல், தளராமல், சலிக்காமல், அயராமல், அசராமல். குறளிலும் அப்படியே: அசைவிலா ஊக்கம், அசாவாமை, அழியாமை, மடியின்மை. "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்" என்பதில் உலைவின்றி ஒரு இல்லை, தாழாது இன்னொரு இல்லை, அதற்கப்புறம்தான் உஞற்று, அதாவது முயன்று செய், என்ற வினை. விதியையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்று பெரிய பேச்சு பேசும் இடத்தில்கூட, அதைச் செய்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால், சோர்ந்து போகாதவர்கள், தாமதிக்காதவர்கள் என்றுதான் பதில் வருகிறது. எனக்கு இதில் ஒரு பெரிய உண்மை இருப்பதாகப் படும். விடுவதுதான் மனிதனுக்கு இயல்பு, எல்லோருக்கும் கை வலிக்கும், எல்லோருக்கும் ஒரு நாள் போதும் என்று தோன்றும். விடாதது மட்டும்தான் சொல்லும்படியான சேதி. அதனால்தான் நம் பெண்கள் யாரையாவது மெச்சும்போது பெயர்ச்சொல்லைத் தேடுவதே இல்லை, "விடல்லியே அவ" என்று ஒற்றை வினையில் முடித்துவிடுகிறார்கள்.

சரி, விடு என்றால் எதிர்ப்பக்கம் பிடி. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பிடியிலிருந்து வருகிற சொற்களில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கின்றன. பிடிப்பு நல்லது, பிடிமானம் நல்லது, உடும்புப்பிடி பாதி நல்லது, குரங்குப்பிடி கெட்டது, பிடிவாதம் பெரும்பாலும் கெட்டது. பிடிவாதத்தில் இருக்கிற வாதத்தைப் பாருங்கள். வாதம் என்றால் பேச்சு, நிலைப்பாடு. பிடிவாதக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது தன் பேச்சை. "தான் பிடித்த முயலுக்கு மூணு கால்" என்கிறோமே, முயலை அவர் எண்ணிப் பார்க்கப் போவதில்லை, சொன்னது சொன்னதுதான். ஆச்சி பிடித்துக்கொண்டிருந்தது பேச்சையா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஒரு வழி அடைபட்டபோது இன்னொரு வழியாகப் போயிருக்கிறார், பழைய வரி ரசீதுகளைத் தேடி எடுத்திருக்கிறார், எழுத்து தெரியாதவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து மனு எழுதியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு காகிதத்தோடு போயிருக்கிறார். பிடிவாதக்காரர் வழியை மாற்றமாட்டார். உங்கள் ஆச்சி இலக்கை விடாமல் வழியை மாற்றிக்கொண்டே இருந்தவர். அதனால் சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தாலே சித்தப்பா சொன்னது சரி.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நான் திருத்தின மலர்களில் ஒரே குணத்துக்கு ஆணென்றால் ஒரு சொல், பெண்ணென்றால் வேறு சொல் வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தாத்தா கோர்ட்டுக்கு அலைந்தால் "கொண்ட கொள்கையில் உறுதியானவர்". பாட்டி அலைந்தால் "பிடிவாதக்காரி, ஆனால் பாசமானவர்". அந்த ஆனால் எதற்கு? நெஞ்சுறுதி ஆணுக்கு, நெஞ்சழுத்தம் பெண்ணுக்கு என்று எழுதி வைத்ததுபோல நடக்கிறது. நெஞ்சுறுதி என்றால் துணிவு, நெஞ்சழுத்தம் என்றால் யார் சொன்னாலும் கேட்காத திமிர், இரண்டும் ஒரே நெஞ்சுதான். இந்த வேறுபாட்டை நான் கண்ட இடத்திலெல்லாம் பென்சிலால் சுழித்து, மாற்றலாமா என்று ஓரத்தில் எழுதிவிடுவேன். பாதிப்பேர் மாற்றுவார்கள்.

அடம், முரண்டு, ஒட்டாரம் இவற்றை நீங்கள் தொட வேண்டியதே இல்லை. அடம் பிள்ளைகளுக்கு உரியது, மிட்டாய்க்கு அழுவது, தரையில் புரள்வது. முரண்டு பிடிப்பது மாட்டுக்கும் மனிதனுக்கும் பொது. சண்டித்தனம் நேராக மாட்டிலிருந்தே வந்தது, நுகத்தில் பூட்டினால் படுத்துக்கொள்கிற மாடு சண்டி மாடு. இதற்கு நேர் எதிரே வள்ளுவர் ஒரு மாட்டை நிறுத்துகிறார், இடுக்கண் அழியாமையில்: "மடுத்தவா யெல்லாம் பகடன்னான்". தடைப்படுகிற இடமெல்லாம், சேறோ மேடோ, மூக்கை ஊன்றி முழங்காலை மடித்து வண்டியை இழுத்துப் போகும் எருது. அப்படிப்பட்டவனிடம் வந்த துன்பம் தானே துன்பப்பட்டுப் போகும் என்கிறார். வண்டி மாட்டை நேரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு மாடும் போதும், அகராதியே வேண்டாம். இரண்டும் அசையாமல் காலை ஊன்றுகின்றன, வெளியிலிருந்து ஒரு கணம் பார்த்தால் ஒரே மாதிரிகூடத் தெரியும், ஒன்று முன்னால் போவதற்கு ஊன்றுகிறது, மற்றது போகாமல் இருக்க ஊன்றுகிறது.

அப்புறம் நம்ம ஊர்ச் சொல் வாசி. மதுரைப் பக்கம் இருக்கிறவர்களிடம் சொன்னால் வாசிக்கிற வாசி என்று நினைப்பார்கள். நமக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல் இது. "அவன் வாசி புடிச்சுக்கிட்டு நிக்கான்", "வாசிக்குப் படிச்சு பாசாயிட்டா". இதில் எப்போதும் எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும். உன்னால் முடியாது என்று யாராவது சொல்ல வேண்டும், அல்லது பங்காளி வேலியைத் தள்ளிப் போட வேண்டும், அப்போதுதான் வாசி ஏறும். வீம்பும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் வீம்பில் தனக்கே நட்டம் வந்தாலும் பரவாயில்லை என்ற முரட்டுத்தனம் சேர்ந்திருக்கும், பசியோடு இருந்தாலும் அந்த வீட்டுச் சோறு வேண்டாம் என்று எழுந்து போவது வீம்பு. வாசியில் அவ்வளவு நட்டக் கணக்கு இல்லை, ஜெயிக்கிற எண்ணம் உண்டு. உங்கள் ஆச்சியிடம் ஒருநாள் ஓர் அலுவலர் "இந்த ஜென்மத்துல உனக்கு இது கிடைக்காது பாட்டி" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு ஆச்சிக்கு ஏறியது வாசிதான். அந்த ஓர் இடத்தில், வீட்டுக்கு வந்து ஆச்சி பேசினதாக நீங்கள் எழுதும் பேச்சில், அந்தச் சொல்லைத் தைரியமாகப் போடுங்கள், நம் ஜில்லாவில் வாசிக்கிற எல்லோருக்கும் சுருக்கென்று தைக்கும். ஆனால் 11 வருஷத்துக்கும் அது தாங்காது. வாசி சூடானது, எதிராளி மாற்றலாகிப் போனால் ஆறிவிடும். அந்த அலுவலர் அடுத்த வருஷமே மாறிப் போயிருப்பார், ஆச்சி போவது நின்றதா?

அங்கேதான் வைராக்கியம் வருகிறது. வடமொழியில் வைராக்யம் என்றால் பற்றை விடுவது, துறவு. தமிழுக்கு வந்து அது கிட்டத்தட்டத் தலைகீழாகி, ஒன்றைப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்பது என்றாகிவிட்டது. ஆனால் பழைய பொருள் முழுக்கப் போய்விடவில்லை என்றுதான் நான் சொல்வேன். வைராக்கியமாக இருக்கிறவர் ஒன்றைப் பிடிப்பதற்காக மற்றதையெல்லாம் விட்டிருப்பார். நல்ல சேலை, கலியாண வீடு, உறவுக்காரர்களின் நல்ல பெயர், தூக்கம், ஏதோ ஒன்றை விட்டிருப்பார். விதவையாகி நின்ற அம்மாக்கள் முந்திரி ஆலையிலோ தும்புத் தொழிலிலோ உழைத்து மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்ததைச் சொல்லும்போது நம் ஊரில் வேறு சொல் வராது, "வைராக்கியமா இருந்து வளத்தா" என்றுதான் வரும். அதில் இருந்து என்ற வினையையும் கவனியுங்கள், வைராக்கியமாகச் செய்தாள் என்பதைவிட வைராக்கியமாக இருந்தாள் என்பதே இயல்பு. அது ஒரு இருப்பு.

ஒரு எச்சரிக்கையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்று மூன்றைச் சொல்வார்கள். வலியில் இனி பிள்ளையே வேண்டாம் என்பது, சுடுகாட்டில் நிற்கும்போது வாழ்க்கை இவ்வளவுதான் என்று தோன்றுவது, கதை கேட்கும்போது நாளையிலிருந்து நல்லவனாக வேண்டும் என்று நினைப்பது, மூன்றும் வீடு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும். ஆக நம் முன்னோர்கள் இந்தச் சொல்லைக் கால அளவு வைத்துத்தான் சோதித்திருக்கிறார்கள். 11 வருஷம் தாங்கியது மயான வைராக்கியம் இல்லை, தாத்தாவின் சுடுகாட்டிலிருந்து தொடங்கியது என்றாலும்.

ஆனால் வைராக்கியமும் மனதைத்தான் சொல்கிறது, காலைச் சொல்வதில்லை. ஆச்சி மனதுக்குள் உறுதியாக இருந்ததோடு நிற்கவில்லை, நடந்தார். தினப்படி வேலையாக இந்தக் குணம் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்ததில் பனையேற்றம்தான் சரியான உதாரணம். எங்கள் பாட்டா பனையேறியவர், சின்ன வயதில் பனை மூட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் ஒரு கால் வைப்பார், இரண்டு பாதத்திலும் திளாப்பு என்ற நார் வளையத்தை மாட்டுவார், பிறகு நெஞ்சை மரத்தோடு ஒட்டி ஒட்டி மேலே போவார், நெஞ்சில் அந்த இடம் மட்டும் காய்த்துப் போய்த் தோல் மாதிரியே இருக்காது. பாளை வந்த உடனே அக்கானி, அதாவது பதநீர், ஊறிவிடாது. கடிப்பு என்ற இடுக்கியை வைத்துப் பல நாள் பாளையை இடுக்கிப் பதப்படுத்த வேண்டும், ஒரு சொட்டும் வராத நாட்கள் அவை, வெறும் ஏற்றமும் இறக்கமும்தான். அதற்கப்புறம் நுனியை அரிவாளால் வெற்றிலை கனத்துக்கு மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். காலையில் ஏறினால் சாயங்காலமும் ஏற வேண்டும். சீவாமல் விட்டால் சீவின வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பிறகு கெஞ்சினாலும் ஊறாது. உடம்பு சரியில்லாத நாளில்கூட, பாட்டி தடுக்கத் தடுக்க, "பாளை காஞ்சு போவும்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரை யாரும் விடாமுயற்சி உடையவர் என்று சொன்னதில்லை. பாளை காயக்கூடாது, அவ்வளவுதான். ஆச்சியும் மனுவை இப்படித்தான் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் போகாவிட்டால் கோப்பு அடியில் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் பதில் வராது என்று தெரிந்த மாதத்திலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

கடற்கரைக்குப் போனால் இன்னொரு சொல் கிடைக்கும், வலி. கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள், குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஓர் அடி, இன்னோர் அடி, கயிற்றின் கடைசியில் இருக்கிறவர் சுருட்டிப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர்ப் பக்கம் முதல் ஆளாகப் பிடிப்பார். நேரம் போய்க்கொண்டே இருக்கும், வலை வந்த மாதிரியே தெரியாது. இப்படி இழுப்பதற்கு வலிப்பது என்று பெயர், துடுப்புப் போடுவதற்கும் துடுப்பு வலிப்பது என்றுதான் சொல்லுவோம். பழந்தமிழில் வலி என்றால் பலம், குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்றைக்கு எல்லோருக்கும் வலி என்றால் நோவு. இழுப்பது, பலம், நோவு, மூன்றுக்கும் ஒரே சொல். கரமடிக் கயிற்றைப் பிடித்து நிற்கிறவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே தோளில்தான் இருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சும்மா ஒரு அலங்காரத்துக்காக இதை மலரில் சேர்க்கச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஓர்மம் என்று ஈழத்தில் ஒரு சொல் உண்டு, மன உறுதி, துணிச்சல் என்ற பொருளில். நல்ல சொல். ஆனால் நம் பக்கம் ஓர்மை என்றால் ஞாபகம், இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், தவிர்த்துவிடுங்கள்.

போராட்டம் என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், "பட்டாவுக்கான போராட்டம்" என்று தலைப்பு வைக்கலாமா என்று. போர் வேறு, போராட்டம் வேறு. ஆடு என்ற வினை பின்னால் ஒட்டும்போது ஒரே தடவையில் முடியாமல் திரும்பத் திரும்ப நடப்பது என்ற சாயல் வந்துவிடுகிறது: மன்றாடு, மல்லாடு, அல்லாடு, ஊசலாடு. போர் ஒருநாளில் முடியலாம், போராட்டம் முடியாது. நம் மண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். பெண்கள் மார்பை மறைத்துச் சீலை உடுத்துவதற்காகத் தென் திருவிதாங்கூரில் 1822 இல் மோதல் தொடங்கி, உடுத்தலாம் என்று அரசு அறிவிக்க 1859 ஜூலை ஆகிவிட்டது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. கிட்டத்தட்ட 37 வருஷம். தொடங்கியபோது இளம்பெண்ணாக இருந்தவர் முடிவில் பேத்தி எடுத்திருப்பார். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணி தலைமையில் நடந்ததும் அப்படித்தான், 1954 ஆகஸ்ட் 11 இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்த பிறகும் நிற்கவில்லை, 1956 நவம்பர் 1 இல்தான் முடிந்தது. தோள்சீலையையும் எல்லையையும் நாம் போராட்டம் என்கிறோம், எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் அன்றைக்கு வீம்பு என்றும் திமிர் என்றும்தான் சொல்லியிருப்பார்கள். யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தும், முடிவில் கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தும் இந்தக் குணத்தின் பெயர் மாறும். பட்டா கிடைக்காமல் ஆச்சி கண்ணை மூடியிருந்தால் ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிடைத்திருக்காவிட்டாலும் அதே ஆச்சிதான், அதே நடைதான். அதனால் போராட்டம் என்று தலைப்பு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது பெரிய சொல் என்று நீங்கள் கூச வேண்டாம்.

இப்போது உங்களுக்கு நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். பெயர்ச்சொல்லைத் தேடாதீர்கள், வினையில் சொல்லுங்கள். தமிழுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, வினையின் பெயரையே எடுத்து அந்த வினைக்கு முன்னால் வைத்தால் விடாமை தானாக வந்துவிடும். நடந்தார் என்றால் நடந்தார், அவ்வளவுதான். நடையாய் நடந்தார் என்றால் எத்தனை தடவை, எவ்வளவு காலம், எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள் எல்லாமே அதற்குள் வந்துவிடுகிறது. தவமாய்த் தவமிருந்து, கெஞ்சு கெஞ்சென்று கெஞ்சி, தேடித் தேடி, கேட்டுக் கேட்டு. இதெல்லாம் எவரும் படிக்காமலே பேசுகிற இலக்கணம், ஆச்சியே பேசியிருப்பார். "உறுதி படைத்தவர்" என்ற பாராட்டை வாசிக்கிறவர் நம்பலாம் நம்பாமல் போகலாம். நடையாய் நடந்தார் என்றால் கால் தெரியும்.

அடுத்தது, எண்ணிக்கையை எழுதுங்கள். எந்த வருஷம் முதல் மனு, எத்தனை மனு, எந்த பஸ், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார், கையில் என்ன பை. பட்டா வந்த அன்றைக்கு வரை பழைய ரசீதுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் சுருட்டி வைத்திருந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை ஏன் மலரில் விட்டுவிட்டீர்கள்? கரையான் அரிக்காமல் இருக்கக் கண்ணாடிப் பாட்டிலைத் தேர்ந்தெடுத்த அந்த யோசனை ஒன்று போதும். அதைப் படித்தபின் யாருக்கும் பிடிவாதக்காரி என்று சொல்ல நா எழாது.

வைராக்கியம் என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில் வையுங்கள், கடைசியில் வேண்டாம், நடுவில், தாத்தா இறந்து ஆச்சி தனியே நின்ற அந்த வருஷத்தைச் சொல்லும் இடத்தில். வாசியை ஆச்சியின் பேச்சில் வையுங்கள். விடாமுயற்சியை எடுத்துவிடுங்கள். உறுதி வேண்டுமானால் சித்தப்பா எழுதும் முன்னுரையில் இருக்கட்டும், அவருக்கும் ஒரு திருப்தி.

முதல் வரிக்கு ஒரு மாதிரி தருகிறேன், விவரங்களைச் சரிபார்த்து உங்கள் கைப்பட மாற்றிக்கொள்ளுங்கள்: "தாத்தா போன மறுவருஷம் ஆச்சி அந்த 40 சென்ட் விளைக்காக முதல் மனுவைக் கொடுத்தாள், பிறகு 11 வருஷம் நடையாய் நடந்தாள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு." நடந்தார் என்று மரியாதைக்காக மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். வீட்டில் ஆச்சியை எப்படிப் பேசினீர்களோ அப்படியே இருக்கட்டும். சித்தப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் ஆர் போடுங்கள், அப்படிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சீராக ஆர் வருகிறதா என்று அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.